இட்லிப் பானையில் யார் பெயர்

"என்ன பேருங்க வெட்டோணும்?"

பெயர் வெட்டுகிறவர் பேனா மாதிரியான மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மடியில் புது எவர்சில்வர் இட்லிப் பானை.

"பூபதி" என்றாள் அவள்.

"கோகிலா" என்றான் அவன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

பூபதி அவன். கோகிலா அவள். ஆளுக்கு ஆள் மற்றவர் பெயரைச் சொல்லியிருந்தார்கள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாத்திரக்கடை வாசலில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர். எத்தனையோ ஜோடிகளைப் பார்த்தவர்.

"டீ குடிச்சுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

எதிர்க்கடையில் டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. அவள் ஊதக்கூட இல்லை.

என் பெயரை ஏன் சொன்னான்?

இந்த ஊரில் பாத்திரத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் பாத்திரம். அவர்கள் வீட்டில் அது இன்னும் கறார். அலமாரியில் இடப்பக்கம் அவள் கொண்டுவந்தவை, வலப்பக்கம் அவன் கொண்டுவந்தவை. ஒரு நாள் பிரிய வேண்டி வந்தால் கரண்டிக்குச் சண்டை போடக் கூடாது என்று குடிவந்த அன்றே பேசிக்கொண்டது.

பேசியது அவள்தான். தலையாட்டியது அவன்.

தாலி இல்லை, சாட்சி இல்லை. இருந்தது வீட்டுக்காரர் தந்த வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் இருவரில் ஒருவர் காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும். "இன்னொரு பதினொண்ணு போடலாமா?" மற்றவர் சரி என்றால் சரி. விளையாட்டாக ஆரம்பித்தது, வழக்கமாகிவிட்டது.

முதல் முறை அவன் கேட்டான். அடுத்த முறை அவள்.

இந்த முறை அவன் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. இன்று வெள்ளி.

வாயைத் திறக்கவில்லை மனுஷன். நான்கு நாளாக அவன் காபி போடும்போதெல்லாம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். சர்க்கரை போதுமா என்று கேட்டான். அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் அவனுடைய பழைய இட்லிப் பானை அடியில் ஓட்டை விழுந்தது. "புதுசு வாங்கலாம்" என்றாள். "வா, போலாம்" என்றான். இடப்பக்கமா வலப்பக்கமா என்று இருவருமே கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து வாங்கும் முதல் பாத்திரம் அது.

வாங்கும்போது பாத்திரக்கடைக்காரர் பானையின் அடியைத் தட்டிக் காட்டியிருந்தார். "கனமான அடி. ஆயுசுக்கும் வருமுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர்கள் கணக்கெல்லாம் பதினோரு மாதத்தைத் தாண்டியதே இல்லை.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

பானையை நீயே வைத்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போகிறவன்தான் அவள் பெயரைச் சொல்வான். வேறென்ன?



அப்புறம்தான் உறைத்தது. அவளும் அவன் பெயரைத்தானே சொன்னாள். ஏன் சொன்னாள்? அவன்தான் ஞாயிறு தவறாமல் மாவு அரைக்கிறவன். அவள் சாப்பிடுகிறவள். அரைக்கிறவன் பெயர் இருக்கட்டும் என்று வாயில் வந்தது. வேறு ஒரு எண்ணமும் இல்லை.

அவனும் அப்படித்தான் சொன்னானோ?

ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் காலி டம்ளரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

எதிரே மிஷின் சத்தம் நின்றது. இருவரும் எழுந்து போனார்கள்.

"ஆச்சுங்க" என்று பெயர் வெட்டுகிறவர் பானையைத் திருப்பிக் காட்டினார். பானையின் தோளில் கோகிலா. மூடியில், கைப்பிடியைச் சுற்றி வளைத்து, பூபதி. அழகான எழுத்து.

"அம்மணி பேரு பானையில. தம்பி பேரு மூடியில. சண்டை தீந்துது. வேண்டாமுன்னா சொல்லுங்க, பாலீஷ் போட்டு அழிச்சரலாம்."

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கையைப் பார்த்தாள்.

கை மூடியை எடுத்தது. திருப்பிப் பார்த்தது. பானைமேல் வைத்தது. எடுத்தது. மறுபடியும் வைத்து அழுத்தியது.

"இருக்கட்டுங்க" என்றான். "மூடியை மட்டும் தூக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?"

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் இட்லித் தட்டில் எத்தனை குழி என்று எண்ணுகிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு முறை எண்ணினாள். இரண்டு முறையும் தப்பாக வந்தது.

ஸ்கூட்டரில் அவள் முன்னால் ஏறினாள். பானையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்தான்.

"கோகி."

"ம்."

"நாலு நாளா கேக்கணும், கேக்கணும்னு வாய் வரைக்கும் வருது. இன்னைக்கு டீக்கடையில கேட்டரலாம்னுதான் இருந்தேன். நீ என் பேரைச் சொன்னதும் பயந்துட்டேன்."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். மூடிக்கு மேலே அவன் முகம், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம்.

"இப்பக் கேளு."

"காபி இல்லையே."

"பரவாயில்ல, கேளு."

"எத்தனை மாசம் போடலாம்?"

அவள் சாவியைத் திருப்பினாள்.

"பானை அடியைத் தட்டிக் கடைக்காரர் சொன்னாரே" என்றாள். "அத்தனை."