சிராங்கூன் சாலையில் மைனஸ் நாற்பது

"எஞ்சினை ஆஃப் பண்ணு தம்பி. படம் எடுத்துட்டேன்."

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் கார்பார்க். சொன்னவர் வெள்ளை சிங்லெட் பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றார். கைப்பேசியை என் முகத்துக்கும் நம்பர் பிளேட்டுக்குமாக மாற்றி மாற்றிக் காட்டினார்.

"ஆம்ப்ரோஸ். மேல நாலாவது மாடி," என்றார், நான் கேட்காமலேயே. நிற்கும் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் இந்த ஊரில் அபராதம். புகார் கொடுப்பவர்கள் பெயரை மறைப்பார்கள் என்பது தவறான எண்ணம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் டீசல் பிக்கப்போ, குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறிக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமியது.

ஆஃப் பண்ண முடியாது. உள்ளே அக்கா இருந்தாள்.

அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை, விடிவதற்கு முன்பே தொடங்கிய மேக்கப். ஏசி நின்றால் அவ்வளவும் கழுத்துக்கு இறங்கிவிடும்.

பூ ஒட்டிய காரைச் சொந்தக்காரர்கள் நிரப்பிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்குத்தான் இடமில்லை. "நான் சரத்தோட வரேன்," என்று அப்பாவின் பந்தல் அலங்கார வண்டியில் என்னோடு ஏறிக்கொண்டாள். அவளுக்குப் பழகிய வண்டிதான். வாரநாளில் அவள் ஓட்டுவாள். கல்லூரியை நான் தியாகம் செய்யும் நாளில் நான்.

வந்து சேர்ந்தும் இறங்கவில்லை.

"வண்டி கொஞ்சம் அடங்கட்டும்டா. அடங்கினதும் இறங்கறேன். நீ வெளிய நில்லு."

நின்றேன். வெளியே நிற்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

மண்டபத்துக்குள் நாதஸ்வரம் அவசரப்பட ஆரம்பித்திருந்தது. என் கைப்பேசியில் அம்மா. துண்டித்தேன். மறுபடி அம்மா.

மாப்பிள்ளை அருண்ராஜ் அத்தானிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்திருந்தால் எவ்வளவோ வசதி.

இந்த ஊரில் யாரும் 'உன்னைக் கட்டிக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'வீட்டுக்குப் போடலாமா' என்று கேட்பார்கள். ஜோடியாக விண்ணப்பித்தால்தான் அரசாங்க வீடு, அதுவும் கட்டி முடிக்கப் பல வருஷம். அக்கா பாலிடெக்னிக் முடித்த கையோடு அத்தான் கேட்டார். இவளும் சரி என்றாள். செங்காங்கில் மண்ணைத் தோண்டினார்கள், கொரோனாவில் நிறுத்தினார்கள், மறுபடி எழுப்பினார்கள். ஒருவழியாக வீடு வந்தது. அதற்குள் அக்கா வேறு ஆளாகியிருந்தாள். அதைத் தெரிவிக்க விண்ணப்பம் எதுவும் கிடையாது.

சாவி வாங்கியாயிற்று. இனி கெடுவுக்குள் கல்யாணச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும், இல்லையென்றால் வீடு போய்விடும்.

மருதாணி வைத்த அன்று, "எனக்கு அவரைப் பிடிக்காம இல்லடா," என்று என்னிடம் சொன்னாள். பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை.

"எதுக்கு இந்தக் கத்து கத்துது?" ஆம்ப்ரோஸ் அங்கிள் பானெட்டைத் தட்டினார்.

"குளுருது அங்கிள்."

அவர் நெற்றி வியர்வையை வழித்து உதறினார். "விளையாடறியா?"

விளையாடவில்லை. விரிவுரையாளர் குரலை வரவழைத்துக்கொண்டு விளக்கினேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நசுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. குளிர் நாட்டில் காலையில் எடுக்கும்போது, அந்தச் சூட்டை எஞ்சினின் சில்லிட்ட இரும்பே குடித்துவிடும். எண்ணெயும் கெட்டியாகிக் காலைப் பிடித்து இழுக்கும். மெதுவாகச் சுற்றினால் தடுமாறி நின்றுவிடும். அதனால் கூடுதலாக டீசலை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே வேகமாகச் சுற்றும். உடம்பு சூடானதும் தானாக அடங்கிவிடும்.

"குளிர் நாட்டுல சரி லா. இங்க ஏது குளிரு?"

"அது வண்டிக்குத் தெரியாதே அங்கிள். சூட்டைப் பார்த்துச் சொல்ற சென்சார் ஒயர் அறுந்துபோச்சு. மைனஸ் நாற்பதுல நிக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கு."

அவர் முதல்முறையாக வண்டியை இரக்கத்தோடு பார்த்தார்.

"அப்ப எப்பதான் அடங்கும்?"

"அடங்காது. ஒரு மாசமா இப்படித்தான்."

வாய் சொன்ன பிறகுதான் மூளைக்கு எட்டியது.

அடங்கவே அடங்காத ஒன்றுக்காக அக்கா உள்ளே காத்திருக்கிறாள். முகூர்த்தம் காத்திருக்காது. சொல்லியாக வேண்டும். சொன்னால் இறங்கிவிடுவாள். இறங்கினால் முடிந்தது.

சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன?

கைப்பேசி மறுபடி துடித்தது. இந்த முறை அப்பா. அப்பா சாதாரணமாக என்னை அழைக்க மாட்டார்.

ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறினேன். உள்ளே சில்லென்றிருந்தது. அக்கா எஞ்சின் வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஏறிய இடத்தில் அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது.

"அக்கா, இது அடங்காதுக்கா. அந்த சென்சார்..."

"தெரியும்டா. உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே?"

ஆமாம். போன மாதம், தெம்பனிஸ் போகிற வழியில், சிக்னலில். அப்போது ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது. அங்கிளிடம் நான் அளந்ததெல்லாம், இல்லாத தீப்பொறியிலிருந்து மைனஸ் நாற்பது வரை, அவள் சொன்னது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தோளுக்குப் பின்னால் கைவிட்டு சீட் பெல்ட்டை இழுத்து, பட்டு கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல், மாட்டினாள்.

ரிவர்ஸ் போட்டேன்.

தன் புகாருக்கு உடனடியாக நடவடிக்கை எடுக்கப்பட்ட திருப்தியில், ஆம்ப்ரோஸ் அங்கிள் பின்னால் ஓடிப்போய் நின்றுகொண்டு, "வா, வா, வா, இடமிருக்கு, வா," என்று இரண்டு கையையும் ஆட்டி எங்களை வெளியே எடுத்துவிட்டார்.