எர்வேயின் இடது முட்டி

"முட்டி எப்படி இருக்கு?" வணக்கம் சொல்லும் முன்பே கிளப் தலைவர் லக்காஸ் கேட்டது இதைத்தான்.

"பாறை மாதிரி இருக்கு, தலைவரே" என்றான் எர்வே. பச்சைப் பொய். அன்று காலையில்தான் அந்த இடது முட்டியில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

பொய் சொல்லாமல் என்ன செய்வான், பாவம்? முப்பத்தேழு வயது. எட்டெட்டுப் பேர் தலையைக் கோத்து முட்டித் தள்ளும் ரக்பி ஸ்க்ரம்மில், முன்வரிசையில் கழுத்தைக் கொடுத்தே இத்தனை வருஷம் பிழைத்தவன். பழைய கிளப் கை கழுவிவிட்டது. இவர்களும் எடுக்காவிட்டால் மாமனாரின் வாத்துப் பண்ணைதான் கதி. அந்த மனுஷன் இப்போதே மருமகனுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வாசலில் வைத்துவிட்டார்.

தென்மேற்குப் பிரான்ஸில், நம் காஸ்கோன் பக்கத்தில் சாப்பிட்டு முடிக்காமல் எவனும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டான். மைதானத்தை ஒட்டிய உணவகத்தில் தலைவரும் பயிற்சியாளர் துஃபோவும் எர்வேயை நடுவில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

சூப் வந்ததும் தலைவர் புலம்ப ஆரம்பித்தார். வருகிற ஞாயிறு மோதப்போவது ஒரு எருமைக் கூட்டத்தோடு. நம் பையன்களோ தள்ளின பக்கம் போகிறவர்கள். ஆனால் போன மாதம் அதே எருமைகளைப் பக்கத்து ஊர் நோஞ்சான்கள் ஜெயித்துவிட்டார்களாம். அந்த நோஞ்சான்களின் முன்வரிசைக்காரன் ஆரம்பத்திலேயே அடிபட்டு வெளியேற, பழகிய மாற்றாள் இல்லையென்று கையை விரித்திருக்கிறார்கள். பழகாதவனை விட்டால் கழுத்து முறியும். அதனால் அன்று முழுக்க ஸ்க்ரம்மில் தள்ளவே கூடாது, சும்மா சாய்ந்து நில்லுங்கள் என்று சொல்லிவிட்டார் நடுவர். எருமைகளின் பலமெல்லாம் வீணாய்ப் போனது.

"மானங்கெட்ட பொழப்பு" என்று தலைவர் ரொட்டியைப் பிய்த்தார். எர்வேயும் பயபக்தியோடு தலையாட்டினான்.

வாத்துக்கறி வந்தது. தலைவரின் பார்வை மட்டும் மேசைக்கு அடியில் முட்டியையே சுற்றிச் சுற்றி வந்தது. சந்தேகப்படுகிறார் என்றே எர்வே முடிவுகட்டிவிட்டான். சடாரென்று எழுந்து வரிசையாகத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டினான்.

தலைவரின் முகம் இன்னும் தொங்கிப்போனது. இது போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தவன், பீப்பாய் கணக்காக இருந்த துஃபோவை அலாக்காகத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினான். வலியில் கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

கீழே இறங்கிய துஃபோ சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஆள் இரும்பு என்று தலைவரிடம் வருத்தத்தோடு சொன்னார். தலைவர் பெருமூச்சு விட்டார். இந்த இடத்துக்குப் பார்த்து வைத்திருந்த இன்னொருத்தனுக்கே போன் போடச் சொன்னார்.

எர்வே தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் தலைவரே, வயசைப் பார்க்கிறீங்களா? இந்த ஒரு வருஷம் மட்டும் குடுங்க. எண்பது நிமிஷமும் அசையாம நிப்பேன்."

தலைவர் அவன் தோளில் ஆதரவாகத் தட்டினார்.

"அதான் தம்பி கஷ்டம். அஞ்சாவது நிமிஷமே நொண்டிக்கிட்டு வெளிய வர்ற ஆள்தான் எங்களுக்கு வேணும்."