முன்பல்

எக்ஸ்ரேயில் தணிகாசலத்தின் முன்பல் வேரைச் சுற்றி மொச்சைக்கொட்டை அளவுக்குக் கறுப்பாகத் தெரிந்தது. அந்த இடத்தில் எலும்பே இல்லை என்றார் பல் டாக்டர் பர்வீன்.

"பூச்சி தின்னுடுச்சா டாக்டர்?"

"இல்ல சார். பல்லு எப்பவோ செத்துப்போச்சு. உள்ள கிருமி தங்கியிருக்கு. ஆபத்துன்னு உங்க உடம்புக்குள்ளயே சேதி போயி, கிருமி இன்னும் உள்ள பரவிடக் கூடாதுன்னு உங்க உடம்பேதான் எலும்பைக் கரைச்சிருக்கு. எப்ப அடிபட்டுது?"

மகன் பரிதி தவழ்கிற வயதில் மடியிலிருந்து துள்ளி எழுந்தபோது, அவன் தலை இந்தப் பல்லில் மோதியது. பிள்ளைக்கு உச்சியில் பிறை போல ஒரு தழும்பு. அவருக்குப் பல் கறுத்தது. போன ஆடியில், லாரியில் அடிபட்டுப் பிணவறையில் கிடந்த உடலின் தலைமுடியை விலக்கி, அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் "என் பையன்தான்" என்றார். தழும்பு சிதையோடு போயிற்று. பல் இருக்கிறது.

"இத்தனை வருஷமா வலிக்கவே இல்லையேம்மா."

"வலிக்காமதான் சார் கரையும். எடுத்துடலாம். வாயைத் திறங்க."

தணிகாசலத்தின் நாக்கு பல்லைத் தேடித் தொட்டது. பால்பல்லைப் போல அது ஆடியது.

"திறங்க சார்" என்றார் டாக்டர் மறுபடியும்.

தணிகாசலம் வாயை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.