யாளி முட்டைக்கு இருபத்தொரு நாள்

“விளக்கில் காட்டிப் பார்த்தீரா, இல்லையா? உண்மையைச் சொல்லும்!”

“ஏனுங்க, கத்தாதீங்க! ஆயிரம் குஞ்சு இப்பத்தான் ஓட்ட ஒடச்சுக்கிட்டு இருக்குது. நான் பாக்கலீங்க!”

இருபத்தொன்றாம் நாள் காலை சௌந்திரத்தின் குஞ்சு பொரிப்பகத்தில் இந்தச் சத்தம்.

கத்தியவர் கொல்லிமலைக்கு அந்தப் பக்கத்து ஆள். கையில் ஆளுயர வேல். நாமக்கல் வெயிலிலும் அதன் முனையில் பனி காயவில்லை. எந்தக் குலம், எந்தக் கூட்டம் என்று ஊர் கேட்டதற்கு, யாளிக் காவல் கூட்டம் என்றாராம். அவர் யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்று புரியாமல் ஊரே விழித்தது.

கொண்டுவந்தது ஒரே ஒரு முட்டை. பூசணிக்காய் அளவு, சாம்பல் நிறம். தாய் போய்விட்டது, மெஷின் சூடு வேண்டும் என்றார். பொரிந்தால் குட்டியோடு மலையேறிவிடுவார். பொரியாதென்று தெரிந்தாலோ அன்றே வேறு முட்டை தேடிக் கிளம்ப வேண்டும். அது காவல்காரர் விதியாம்.

ஆக, காத்திருக்கும் வரைதான் இங்கே இருப்பு.

ஒரே நிபந்தனை, உள்ளே கரு இருக்கிறதா என்று விளக்கில் காட்டிப் பார்க்கக் கூடாது. பொரிப்பகக்காரியிடம் சொல்கிற பேச்சா இது? ஏழாம் நாள் ஆனால் அவள் கை தானாக விளக்குக்குப் போகும்.

போனது. அவர் குளிக்கப் போன நேரம்.

முட்டைக்குள் நிலா இறங்கியது போல வெளிச்சம். வெறும் வெளிச்சம். ஒரு நரம்புகூட ஓடவில்லை.

கூமுட்டை.

அப்படி ஆயிரக்கணக்கில் வாளியில் வீசியவள், இதை மட்டும் துணியால் துடைத்து மெஷினில் திரும்ப வைத்தாள். ஏனென்று ஊருக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முப்பத்தெட்டு வயது வரை ஒரு தம்ளர் காபிக்கு மேல் கொடுக்காதவள், இவருக்கு மூன்று வேளையும் சோறாக்கிப் போட்டாள். மேகத்துக்குள் யாளிகள் நடக்கும் கதையை அவர் சொல்லச் சொல்ல, அவள் தம்ளரில் காபி ஆறிப் போகும்.

இப்போது வேல் அவள் முகத்துக்கு நேரே நின்றது.

“யாளி என்ன கோழியாங்க? பெரிய உசுருங்க. இன்னொரு இருபத்தொரு நாள் பாக்கலாங்க.”

வேல் இறங்கியது. “பார்க்கலாம்” என்றார், கொஞ்சம் அவசரமாகவே.

ஆவணியில் திருச்செங்கோட்டு மலைமேல் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்தில் ஆளில்லை. மலைப்பனிதான் இறங்கி வந்து படியோரம் நின்றது. முட்டை இன்னும் மெஷினில்தான் இருக்கிறது. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை அதே சண்டை, அதே பதில்.

எதிர்த்தோட்டத்து ஆத்தாயி கல்யாணப் பந்தியில்தான் வாயைத் திறந்தாள், அதுவும் சௌந்திரத்தின் காதில் விழாமல். ஊருக்கு வந்த முதல் நாளே பொரிப்பகத்துக் கேட்டுக்கு வெளியே நின்று, அவர் அந்த முட்டையை உச்சி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். வெகுநேரம் பார்த்தாராம்.

பிறகு, உள்ளே முட்டைத் தட்டு கழுவிக்கொண்டிருந்த சௌந்திரத்தையும் அதே அளவு நேரம் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் தட்டினாராம்.