மூன்று சொம்புக் குளியல்

குளியலறைக் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார் டிரைவர்.

உள்ளே அவர் மனைவி. போய் அரை மணி நேரம் ஆகிறது. தண்ணீர் விழுகிற சத்தம் இன்னும் நிற்கவில்லை.

வெளியே மழை. அதுவும் நிற்கவில்லை. அது பிடித்து இன்றோடு பதினோரு நாள்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டு திங்கட்கிழமை துவைத்தது. இன்று வெள்ளி. குளித்துவிட்டு இதால் துவட்டினால் இன்னொரு தடவை குளித்த மாதிரி இருக்கும்.

முப்பத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவர். அது மழை எட்டிக்கூடப் பார்க்காத வேறொரு ஊர். லாரி தெருமுனையில் திரும்பினால் போதும், குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருவே ஓடி வரும். மாப்பிள்ளை அழைப்பில்கூட அந்த மரியாதை கிடைக்காது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, கழுத்தில் மாலையோடு, "இனிமே மழை பெய்யற ஊர்லதான் நம்ம குடித்தனம்" என்று நாலு பேர் முன்னால் ஜம்பம் அடித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலை நம்பி வீடு மாற்றிய ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வந்து ஐந்து மாதம் ஆகிறது. செருப்பில் பூஞ்சை. உப்பு ஜாடியில் உப்பைக் காணோம், தண்ணீர்தான் இருக்கிறது. தோல் பெல்ட்டில் பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டால் பூ பூக்கும்.

முதல் மழையன்று அவர் பண்ணிய கூத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிவிடும். மதியத் தூக்கத்தில் இருந்தவர், கூரையில் தடதடவென்று சத்தம் கேட்டதும் பழைய ஞாபகத்தில் குடத்தோடு வாசலுக்கு ஓடி, "தண்ணி வந்துடுச்சு! எல்லாரும் வாங்க, தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினார். வெள்ளம்தான் வந்துவிட்டதென்று பயந்து, பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவே மாடி ஏறிவிட்டது. அன்றிலிருந்து அவர் 'வெள்ளத் தாத்தா'. அறுபது வயதுக்கு மேல் பட்டப்பெயர் வாங்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

இன்று காலையில் பழைய முதலாளி போனில் கூப்பிட்டிருந்தார். எந்தத் தெருவுக்கு எந்த லாரி என்று பார்த்து அனுப்ப, நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். இவர்கள் இருந்த வீடும் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதாம். பத்து மணிக்கு மறுபடி கூப்பிடுவார். அப்போது ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

அந்த ஊர் வெயிலை நினைத்ததும் டிரைவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. காய்ந்த துண்டு! மொடமொடவென்று முதுகைப் பிறாண்டுகிற துண்டு!

மனைவியிடம் கேட்பது ஒன்றுதான் பாக்கி. கேட்டால் என்ன சொல்வாள் என்பதும் தெரிந்ததுதான். "உங்க இஷ்டங்க." இங்கே கிளம்பும்போதும் அதைத்தான் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அதே பதில்தான். அவளுக்கென்று ஓர் இஷ்டம் இருக்கிறதா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள மெனக்கெட்டதும் கிடையாது.

மணி பத்தாக ஐந்து நிமிஷம்.

குளியலறைக் கதவைத் தட்டுவதில் அவர் கை தேர்ந்தவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினாலும் தன் லாரியிலிருந்து சொந்த வீட்டுக்கு ஒரு குடம் கூடுதலாக இறக்கியதில்லை. எப்பேர்ப்பட்ட நேர்மை! போகிற இடத்தில் எல்லாம் சொல்லி மார்தட்டிக்கொள்வார். அந்த நேர்மைக்குக் கட்டுப்பட்டுக் குளித்தவள் அவள்தான். ஆளுக்கு மூன்று சொம்பு. மூன்றாவது சொம்பு விழுகிற சத்தம் கேட்டதும் கதவில் டக் டக் என்று தட்டுவார். மறுபேச்சு இல்லாமல் வெளியே வந்துவிடுவாள்.

இப்போதும் விரல் மடங்கிக் கதவுக்குக் கிட்டே போய்விட்டது. அப்போதுதான் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறு ஏதோ கேட்டது.

ரேடியோவாக இருக்குமோ என்று திரும்பிப் பார்த்தார். ஈரம் ஏறி, ரேடியோ மண்டையைப் போட்டு ஒரு மாதம் ஆகிறது.

அவள்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

சும்மா முணுமுணுப்பு இல்லை. தொண்டையைத் திறந்து, இழுக்க வேண்டிய இடத்தில் ஆசைதீர இழுத்து, மறந்துபோன அடிக்கு 'லாலலா' போட்டு நிரப்பி, அதற்குத் தானே சிரித்துக்கொண்டு, மறுபடி எடுத்துப் பாடினாள்.

முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியவருக்கு, அவளுக்குப் பாட வரும் என்பதே இன்றுதான் தெரிகிறது.

மூன்று சொம்புத் தண்ணீரில் பல்லவியே முடிந்திருக்காதே என்று நினைத்தார். நினைத்ததும், முதல் மழையன்று பட்டதைவிட அதிகமாக வெட்கப்பட்டார். மடக்கிய விரலை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. எங்கே உள்ளே பாட்டு நின்றுவிடுமோ என்று பதறிப்போய், அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியம்போலச் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி, இப்ப கெளம்ப முடியாது. வீட்ல தண்ணி வந்துகிட்டு இருக்கு."

அந்த ஊர்க்காரர் யாரும் அதற்கு மேல் காரணம் கேட்க மாட்டார்கள். "அப்படியாண்ணே! சரி சரி, நின்னதும் சொல்லுங்க" என்று முதலாளி மரியாதையாக வைத்துவிட்டார்.

டிரைவர் ஈரத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

உள்ளே இரண்டாவது சரணம் ஆரம்பமாகியிருந்தது.