இரண்டு திருகாணிகள்

தச்சுவேலைக்காரி எஸ்தர் கைவைத்துச் சரியாகாத மேசை கிடையாது. வீடாகவே ஓடும் இந்தக் கேரவன் வண்டியின் சாப்பாட்டு மேசையைக் கீழே இறக்கினால் இருவர் படுக்கும் கட்டிலாகிவிடும். ஆறு மாதமாக அது இறங்கவில்லை. தணிகைவேலும் அவர் மனைவி சுகந்தியும் ஆளுக்கொரு பக்க இருக்கையில் முடங்கித் தூங்கினார்கள்.

"செஞ்சவன் சரியில்லம்மா" என்றார் அவர்.

"ஆமாக்கா, மட்டமான வேலை" என்றாள் சுகந்தி.

எஸ்தர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். மேசைக்கால் இறங்காதபடி தணிகைவேலின் பக்கமிருந்து ஓர் இரும்புத் திருகாணி முடுக்கப்பட்டிருந்தது. சுகந்தியின் பக்கமிருந்து ஒரு பித்தளைத் திருகாணி. இரண்டையும் கழற்றினாள். மேசை சொன்ன பேச்சுக் கேட்டு இறங்கியது. கட்டிலின் நடுவில் அவற்றை வைத்தாள்.

"மேசைல ஒரு கோளாறும் இல்ல. அவங்கவங்களோடத எடுத்துக்குங்க."

தணிகைவேல் பித்தளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயுமா?"