நாளைக்குத்தான் தேர்வு

“அந்த வாட்சையும் கழட்டுண்ணா. கையில எதுவும் இருக்கக் கூடாது.”

“கல்யாண மோதிரம்?”

“அதையும்தான்.”

அண்ணன் மோதிரத்தை உருவி, கதவோரம் நின்ற மனைவியிடம் நீட்டினான். பத்து வருஷமாக இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன் என்றான். அண்ணி சிரிக்கவில்லை. தங்கையும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் இரண்டு பேருமே இல்லை.

அவனிடம் சொல்லி வைத்திருந்தது இதுதான்: தேர்வு நாளைக்கு. இன்றைக்கு நடக்கப்போவது ஒத்திகை. தேர்வு நடத்துகிற கம்பெனியே கொடுப்பது. கேமரா வழியாக ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருப்பார், கேள்விகள் வரும், நேரம் ஓடும், எல்லாம் அசல் போலவே இருக்கும்.

நாளைக்கு ஒரு தேர்வும் கிடையாது. அசலே இதுதான். இன்றைக்குக் காலை பத்து மணிக்கு என்று தங்கைதான் பதிவு செய்திருந்தாள்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அண்ணன் பதினேழு வருஷமாக ஓர் அலுவலகத்தில் கேபிள் இழுத்து, கணினிகளுக்கு நெட்வொர்க் கொடுக்கிறவன். எந்த மாடியில் எந்த வயர் செத்துக் கிடக்கிறது என்று படியேறும்போதே சொல்லிவிடுவான். பரீட்சை என்றால் மட்டும் கை விறைத்துப் போகும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பரீட்சையில் எழுந்து வந்தவன், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போனான். அந்தச் சம்பளத்தில் இவள் படித்து, வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள்.

நெட்வொர்க் வேலைக்கான இந்தச் சான்றிதழ்த் தேர்வும் இரண்டு தடவை கைவிட்டுப் போயிருந்தது. முதல் தடவை தண்ணீர் குடிக்க எழுந்தான். கேமராவில் முகம் இல்லை என்று தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாம் தடவை ‘தொடங்கு’ என்ற பொத்தானை வெறித்துப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டான்.

இந்த மாசத்துக்குள் சான்றிதழ் வராவிட்டால் அலுவலகத்தில் அவன் நாற்காலிக்கு வேறு ஆள். அவன் ஸ்டோர் ரூமில் பழைய வயர்களுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான். ஒரு கட்டடத்தையே பதினேழு வருஷம் ஓட்டிக் காட்டியவனிடம் போய்க் காகிதம் கேட்கிறார்களே என்று நினைத்தாலே தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு நாளாக அறையைத் தயார் செய்திருந்தார்கள். சுவரிலிருந்து காலண்டர் இறங்கியது, குழந்தையின் வாய்ப்பாட்டு அட்டை இறங்கியது. இரண்டாவது திரையின் வயரைப் பிடுங்கியாயிற்று. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டடிக்கும் என்று மேஜையைத் திருப்பிப் போட்டார்கள். வைஃபையை நம்ப முடியாது என்று அண்ணனே ஹாலிலிருந்து கேபிள் இழுத்தான். இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டு, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைக் காட்டினான். ஒத்திகைக்கு இது போதுமா, இல்லை ரிப்பன் வெட்டித் திறக்கணுமா என்று வேறு கேட்டான். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னாள் தங்கை.

பத்தடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, அறையின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் திரையில் செய்தி வந்தது. அடுத்து அடையாள அட்டை கேட்டார்கள்.

“ஒத்திகைக்கு எதுக்கு அடையாள அட்டை?”

தங்கை அட்டைக்குக் கையை நீட்டினாள். “நாளைக்கு நீ தடுமாறக் கூடாதுன்னுதான். கேள்வி கேக்காம குடு.”

“சரிங்க வாத்தியாரம்மா.”

அவள் எடுத்த முதல் படம் ஆடிப்போயிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். அண்ணன் போனை வாங்கி, தானே எடுத்து அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவள் போனோடு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

அண்ணி அன்றைக்குக் குக்கரே வைக்கவில்லை. அழைப்பு மணியின் வயரையும் கழற்றிவிட்டிருந்தாள். இருவரும் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். எழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அண்ணி கிசுகிசுத்தாள். ஒத்திகைதானே, எதற்கு எழப்போகிறான் என்றாள் தங்கை. சரி, தோற்றுவிட்டால்?

“தோத்தா அண்ணனுக்குத் தெரியவே வேணாம் அண்ணி. நான்தான் நாளைக்குப் பதிவு பண்ண மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். வர்ற திட்டெல்லாம் எனக்கே வரட்டும்.”

உள்ளே ஒரு முணுமுணுப்பு கேட்டது. கேள்வியை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, கண்காணிப்பாளர் எச்சரிப்பார். தங்கை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது. அப்புறம் மௌஸ் தட்டுகிற ஒலி மட்டும்தான். ஒன்றே முக்கால் மணி நேரம் அதை எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

கதவு திறந்தது.

“ஒத்திகை முடிஞ்சுது. வந்து பாரு.”

திரையில் ‘தேர்ச்சி’ என்று இருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து கலங்கிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“திட்டுறதுன்னா திட்டிக்கோ அண்ணா. நாளைக்குத் தேர்வே கிடையாது. இதுதான் நிஜம். உன்ன ஏமாத்திட்டேன்.”

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“தேதி போட்ட மெயில் என் போனுக்கும்தான் வந்துச்சு பாப்பா. ஒத்திகைக்கும் தேர்வுக்கும்னு நீ ரெண்டு நாள் லீவு போடச் சொன்னே, நான் இன்னைக்கு மட்டும்தான் போட்டேன்,” என்றான். “இவ்வளவு பாடுபட்டு ஏமாத்துறே, தெரியும்னு சொன்னா பயந்துடுவியேன்னுதான் பேசாம இருந்தேன்.”